கிளியனூர் ஐயா வீட்டில் ஒரு ஜெபம்

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. திண்டிவனம் வண்டியில் முப்பத்தைந்து ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கி உட்கார்ந்ததும், இறங்கி வீட்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது. ஊர் சுற்றுகிற வயதும் இல்லை, தெம்பும் இல்லை. கணவர் தவறிய நாளிலிருந்து எனக்கு ஜெபம் வருவதில்லை. முழங்கால் போடுவேன், "ஆண்டவரே" என்பேன், அதற்கு மேல் நாக்கு நகராது. சபையில் சொன்னால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளியனூரில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இருக்கிறார். சின்னச் சின்ன ஜெபப் புத்தகங்கள் எழுதியவர். கல்யாணமான புதிதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துப் பந்தலில் முதல் புத்தகம் வாங்கினேன். அதற்குப் பிறகு ஒன்றையும் விட்டதில்லை. கோபத்தை எப்படி அடக்குவது, மாமியாரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதுகூட அவரைப் படித்துக் கற்றதுதான். முகம் பார்க்காமலே அவர் எனக்கு ஆவிக்குரிய தகப்பன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தால் என் வாய் திறக்கும் என்றுதான் கிளம்பினேன். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, பக்கத்து இருக்கைப் பெண் வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கி எனக்கும் ஒரு பிடி கொடுத்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். ஒரு போதகரைப் பார்க்க என்றேன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் ஒரு டீ. அங்கிருந்து புதுச்சேரி சாலையில் பதினைந்து கிலோமீட்டர், நெரிசலில் நின்றுகொண்டே போனேன். கிளியனூரில் இறங்கும்போது மணி பத்தரை.

ஐயாவின் மகள் கதவைத் திறந்தார். முதல்நாள் தொலைபேசியில் பேசியிருந்தோம். கூடத்தில் ஐயா நாற்காலியில் இருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளை ஜிப்பா. "ஸ்தோத்திரம் ஐயா" என்றேன். தலையசைத்தார். அவர் புத்தகங்களால் நான் பிழைத்த கதையைச் சொன்னேன். கணவர் போனதைச் சொன்னேன். எனக்காக ஜெபியுங்கள் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மகள்தான் பேசினார். "அம்மா போனதுலேர்ந்து அப்பா வாயத் தொறந்து ஜெபிக்கிறதே இல்லக்கா. யாரு வந்தாலும் அவங்களையே பண்ணச் சொல்லிடுறாரு. ஜனங்க ஆசையா வர்றாங்க, எனக்குப் பேஜாரா இருக்குது."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இரண்டு பஸ் மாறி வந்தது இதற்கா? எங்கள் வீடுகளில் விருந்தாளி ஜெபம் செய்யாமல் எழுந்து போவது கிடையாது. காபி முடிந்ததும் மகள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போங்கக்கா" என்றார். நானும் முக்காடு போட்டேன். "ஆண்டவரே" என்றேன். அவ்வளவுதான்.

"எனக்கு வரல ஐயா" என்றேன்.

அவர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "எனக்கும் வரலம்மா. வந்த மாதிரி நடிக்க வெக்கமா இருக்குது. செத்த நேரம் சும்மா உக்காந்துக்கினு இருப்போமா?"

உட்கார்ந்திருந்தோம். மகள் அழுதார். நான் அழவில்லை, அதற்கும் களைப்பாக இருந்தது. வெகுநேரம் கழித்து அவர் மெதுவாக "ஆமென்" என்றார். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறுபடியும் வாம்மா. தனியா உக்காந்தா பயமா இருக்குது."

திரும்பும் வண்டியிலும் உட்கார இடமில்லை. வழிகாட்டி என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தவர் என்னைப் போலவே துணை இல்லாத ஒருவர். ஏமாந்துவிட்டேன் என்று சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டது மனதைவிட்டுப் போகவில்லை. அந்த மகளும் எத்தனை நாள்தான் தாங்குவார்? திண்டிவனம் நெருங்கும்போது, மேல்கம்பியைப் பிடித்தபடி எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஆண்டவரே, அந்த மனுஷனைத் தனியாக விட்டுவிடாதேயும், ராத்திரியில் அவருக்குத் தூக்கம் கொடும், அந்தப் பிள்ளைக்குப் பெலன் கொடும். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குப் புரிந்தது.