ஐந்தாவது பாலத்துக்கு அந்தப் பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த எட்டாம் நாள், புக்கிட் பெலிம்பிங்கிற்கு உள்ளே இருக்கும் எங்கள் நாலு ஏக்கர் செம்பனை நிலத்தில் நடந்தது இது. எட்டாம் நாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். அன்று காலை முறுக்கு டின்னில் பதினொரு முறுக்குதான் மீதம் இருந்தது. நான் எதையும் எண்ணி வைக்கிற ஆள்.

வேலை பார்த்த தோட்டத்தில் வந்த பழக்கம் அது. முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக, இருந்தேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நான் பெயரை வாசித்து, தலையை எண்ணி, புத்தகத்தில் பதிவேன். ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு ஆட்கள் இல்லாததால் பாமாயில் தரும் அந்தச் செம்பனை மரங்களை எண்ணினேன். இருநூற்றுப் பதினெட்டு. நிலத்தின் குறுக்கே ஓடும் வாய்க்கால்கள் ஆறு, அவற்றின் மேல் பலகைப் பாலங்கள் ஆறு.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கணவனும் மனைவியும் வந்து வெட்டிக் கொடுப்பார்கள். அவர் குலை வெட்டுவார். அந்த அம்மா உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டுவார். இரண்டு பேரும் ஒரு காலத்தில் என் பெரட்டில் நின்றவர்கள். தோட்டம் போய், லயத்து வீடு போய், வேலையும் போய்விட்டது. ஆனாலும் நான் அவர்களுக்கு இன்றும் 'கிராணி ஐயா'தான்.

எழுபத்தோராவது வயதில் என் வலது முழங்கால் என்னைக் கைவிட்டது. கடைசிப் பாலம் வரை நடந்து திரும்பினால் இரண்டு நாள் படுக்கை. தள்ளுவண்டியில் மூட்டை தள்ளும் அந்த அம்மாவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அதனால் நாலு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க முடிவு செய்தேன். ஏ.டி.வி. என்கிறார்களே, அதுதான்.

ரவாங்கில் இருக்கும் என் தங்கை மகன் சனி ஞாயிறுகளில் அதை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவன். அவனிடம் போனேன். செம்மண் மேட்டில் என்னைப் பின்னால் வைத்து ஏற்றிக் காட்டினான். கல்லும் வேரும் கிடந்த பாதை. பூனை சுவர் ஏறுவதுபோல ஏறியது.

"மாமா, சின்னது வாங்கிட்டு அப்புறம் அழாதீங்க. பெரிய எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். நாலு வீலும் இழுத்தா எங்கேயும் மாட்டாது லா!"

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டேன். பாலத்தின் அகலம் ஐம்பத்திரண்டு அங்குலம், வண்டியின் அகலம் நாற்பத்தேழு. பின் கேரியரில் உதிரிப் பழம் இரண்டு மூட்டை, எண்பது கிலோ. முன்னால் சாமான் ஆறு கிலோ. நான் அறுபத்தெட்டு. எல்லாம் சரியாக வந்தது. அசாம் ஜாவா போகும் சாலையில் இருந்த கடையில் சீனர் ஒருவர் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், என் நிலம் என்ன மண் என்று. நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ரவாங்கில் பார்த்த அதே ரக வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். வண்டி மட்டுமே முந்நூற்று நாற்பது கிலோ.

முதல் மூன்று வாரம் வெயில். நான்கு பாலங்கள் வரை ராஜா மாதிரி போய் வந்தேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

அந்த எட்டாம் நாள் கணவர் குலைகளை ஏற்றிக்கொண்டு லோரியில் போயிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறாவது வாய்க்கால் ஓரத்தில் இன்னும் ஒரு மூட்டை கிடந்தது. ஏற்கெனவே இரண்டு மூட்டை பின்னால் இருந்தது. அந்த அம்மா நடக்கத் தொடங்கினார். முதல் நாளிலிருந்தே இந்த வண்டியின் அருமையை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

"எதுக்கும்மா நடக்கிறே? ஏறி மூட்டை மேல உக்காரு."

"வேணாம் ஐயா. சேறா இருக்கு, வண்டி அழுக்காயிரும்."

"கழுவிக்கலாம், ஏறு."

ஏறினார். ஐந்தாவது பாலத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, அந்தப் பக்கம் மண்ணு தண்ணி குடிச்சிருக்கு. மூட்டைய நான் தூக்கியாந்துர்றேன். வண்டி இங்கேயே நிக்கட்டும்."

"நாலு சக்கரமும் இழுக்கும்மா. பேசாம உக்காரு."

பேசாமல் உட்கார்ந்தார். நான் இன்றுவரை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த ஒரு நொடியைத்தான். கிராணி ஒரு வார்த்தை சொன்னால் மறு வார்த்தை கிடையாது என்று முப்பத்தொரு வருடம் பழக்கியவன் நான்தானே.

பாலம் தாங்கியது. அதை அளந்திருந்தேன் அல்லவா? பாலம் தாண்டிய கரைதான் தாங்கவில்லை. வலது பின் சக்கரம் உள்ளே போனது. பொத்தானை அழுத்தி நாலு சக்கரத்துக்கும் மாற்றிக் கைப்பிடியை முறுக்கினேன். நாலும் ஒன்றாகச் சுழன்று நாலு குழி பறித்தன. கரை ஒரு துண்டு கேக் மாதிரி பிய்ந்து, வண்டி மெதுவாக, மிக மெதுவாக, பக்கவாட்டில் வாய்க்காலுக்குள் சரிந்தது. நான் புல்லில் விழுந்தேன். அந்த அம்மா மூட்டைகளோடு தண்ணீருக்குள் விழுந்தார். எழுந்து பார்த்தால் அவர் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது கால் வண்டிக்கு அடியில்.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முறுக்கி வண்டியை வெளியே எடுத்துவிடலாம் என்று கைப்பிடியை நோக்கி இறங்கினேன்.

"முறுக்காதீங்க!" அதுவரை அவர் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "சக்கரம் சுத்துனா இன்னும் எறங்கும். என் காலு அதுக்கு அடியிலதான் இருக்கு. சாவிய அடைங்க மொதல்ல!"

அடைத்தேன். கணவருக்குப் போன் போட்டேன். வர அரைமணி நேரமாகும் என்றார். எனக்கு இன்னொரு கணக்கு ஓடியது. கடல் ஏறும் நேரம் நெருங்கிவிட்டது. ஆற்றோர மதகை மூடுவார்கள். மூடினால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் வாய்க்கால்கள் நிறையும். பாலத்துக் காலில் ஓர் ஆணி இருந்தது. வரும்போது அது வெளியே தெரிந்தது. இப்போது தெரியவில்லை. தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது.

"ஐயா, தண்ணியப் பாக்காதீங்க. என்னப் பாருங்க," என்றார். "மட்டைய இழுத்து வண்டிக்கு அடியில திணிங்க, மேல எறங்காம நிக்கும். அப்புறம் என் கால்கிட்ட மண்ணத் தோண்டுங்க. கல்லு கெடையாது, வெண்ண மாதிரிதான் வரும்."

காய்ந்த மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திணித்தேன். பழம் அள்ளும் தட்டால் தோண்டினேன். தட்டு உடைந்தது. கையால் தோண்டினேன். எழுபத்தொரு வயதில் சேற்றில் மண்டியிட்டு, எந்த முழங்காலுக்காக வண்டி வாங்கினேனோ அதே முழங்காலில். எத்தனை முறை அள்ளினேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் செய்த வேலை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

தண்ணீர் தோளைத் தொட்டபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பினார். கால் வந்துவிட்டது. பூட்ஸ் வரவில்லை. அது வண்டிக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

கரையில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக் கிடந்தோம். அவர்தான் முதலில் சிரித்தார்.

"நல்ல வேள ஐயா. பூட்ஸு அளவா இருந்திருந்தா காலு வந்திருக்காது."

அந்தப் பூட்ஸ் நான் வாங்கிக் கொடுத்தது. இரண்டு ஜோடி, கணவருக்கும் மனைவிக்கும். ஜோடியைத்தான் எண்ணினேன். இரண்டையும் ஒரே அளவில், ஆண் அளவில், வாங்கியிருக்கிறேன். நாலு வருடமாக அந்த அம்மா முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாளும் சொன்னதில்லை. என்னுடைய அலட்சியம் ஒன்று அவர் காலைச் சிக்கவைத்தது, இன்னோர் அலட்சியம் விடுவித்தது. இதில் நான் பெருமைப்பட என்ன இருக்கிறது?

கோலசிலாங்கூர் மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. கணுக்கால் மூன்று வாரம் வீங்கியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். மூட்டை, சாமான், நான். அந்த அம்மா ஏறி உட்கார்ந்த கனம் எங்கேயும் இல்லை. தலை எண்ணியே சாப்பிட்டவன் ஒரு தலையை விட்டுவிட்டேன். அந்த வண்டி ஒருவருக்காகச் செய்யப்பட்டது என்று அதன் பக்கவாட்டில் படமே ஒட்டியிருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை.

தங்கை மகன் நண்பர்களோடு வந்து வண்டியை மேலே எடுத்தான். சேற்றைப் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்க மலை இல்ல லா. எனக்கும் தோணல, சாரி," என்றான். அவனைக் குறை சொல்லி என்ன? வேறொருவர் நிலத்தில் ஓட்டிப் பார்த்து என் நிலத்துக்கு வாங்கியவன் நான்.

அந்த அம்மாவின் கால் சரியானதும் அந்த வண்டியைக் கடையிலேயே கொடுத்து மாற்றப் போனேன். இந்த முறை கணவனையும் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டேன். கடைக்காரர் என் கையைப் பார்த்தார். நோட்டுப் புத்தகம் இல்லை. அந்த அம்மா எஞ்சின் பக்கமே போகவில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வண்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். கடைசியில் இருந்ததிலேயே கனம் குறைந்த, அகல டயர் போட்ட ஒரு வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அதுவும் நாலு சக்கரமும் இழுப்பதுதான். ஆனால் ஒரு மூட்டைக்கு மேல் ஏற்றக்கூடாது.

"ரெண்டு நடை ஆகுமேம்மா," என்றேன்.

"ஆகட்டும் ஐயா. நாம என்ன தேரா இழுக்கப் போறோம்?"

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

இப்போதும் அதுதான் ஓடுகிறது. மழைக்காலத்தில் ஐந்தாவது பாலத்தோடு நிறுத்திவிடுவேன். அந்த அம்மாவுக்கு அவர் அளவில் பூட்ஸ் வாங்கியாயிற்று. கடைக்கு அழைத்துப்போய், போட்டு நடக்கச் சொல்லித்தான் வாங்கினேன். பழைய பூட்ஸ் அந்த வாய்க்காலுக்குள் எங்கேயோ இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்புமுன் "மண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறேன். அவர் குனிந்து பார்த்து, குதிகாலால் இரண்டு மிதி மிதித்துவிட்டுச் சொல்வார், ஒரே ஒரு முறை, மெதுவாக. நான் காது கொடுக்காவிட்டால் இரண்டாம் முறை சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படி அவரைப் பழக்கியவன் நான் என்பதால், அந்த ஒரு முறையைத் தவறவிடாமல் இருப்பது மீதி நாளுக்கெல்லாம் என் வேலை என்று நினைத்துக்கொள்கிறேன்.