இரண்டு பல் தள்ளிப் போட்ட ஷாஃப்ட்

பஸ்ஸைப் பார்ப்பதற்கு முன்பே ட்ரைவர்மேல் பழியைப் போட்டுவிட்டேன். காலை ஏழு மணி இருக்கும். என் கராஜில் பழுது பார்க்கிற பஸ்ஸின் முதலாளி போனில் கத்தினார். ஹேவாஹெட்டப் பக்கமிருந்து தையல் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்கிய அவருடைய பஸ் மலையில் மோதி நிற்கிறது, ஷாஃப்ட் உடைந்து தளத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது என்றார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நுரையைத் துப்பிவிட்டு, "நியூட்டரல்ல விட்டிருப்பான், வேற என்ன" என்றேன்.

ஷாஃப்ட் என்பது கியர் பெட்டியிலிருந்து பின் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய். அது மடிந்து சுழல்வதற்காக அதன் மூட்டுகளில் கூட்டல் குறி போன்ற ஓர் இரும்பு இருக்கும். நாங்கள் குரோஸ் என்போம். எங்கள் மலைப்பாதைகளில் டீசலை மிச்சம் பிடிக்க நினைக்கும் ட்ரைவர்மார் இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருட்டுவார்கள். வளைவு வந்ததும் பயந்துபோய் கியரை இடித்துப் போடுவார்கள். அந்த அடி முழுவதையும் குரோஸ்தான் வாங்கும். சம்மட்டியால் அடித்த மாதிரி. அப்படிச் செத்த குரோஸ்களைக் கழற்றிக் கழற்றி என் விரல் நகங்கள் இரண்டு கோணலாகிவிட்டன. அதனால் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அம்பிட்டியவைத் தாண்டி மேலே ஏறிப்போனேன். பஸ் மூக்கை மண்ணுக்குள் குத்திக்கொண்டு நின்றது. முன்கண்ணாடி முழுதாகக் கொட்டிப்போயிருந்தது. உள்ளே ஏறிப் பார்த்தேன். ஷாஃப்டின் முன் துண்டு தளத்தை மேல்நோக்கிப் பிளந்திருந்தது. தகரம் பூ விரிந்த மாதிரி நின்றது. பெண்கள் சாப்பாட்டுப் பைகளைப் போட்டு வைக்கும் இடம் அது. ஒரு சாப்பாட்டுப் பெட்டி தட்டையாக நசுங்கி, சோறும் பருப்பும் கிறீஸோடு கலந்து கூரைவரை அடித்திருந்தது. பைகள் இருந்த இடத்தில் ஒரு கால் இருந்திருந்தால் அதுவும் கூரையில்தான் ஒட்டியிருக்கும்.

இந்த மாதிரிப் பழைய பஸ்களில் கை பிரேக்கும் ஷாஃப்டின் தலையில்தான் இருக்கிறது. ஷாஃப்ட் போனால் எஞ்சின் பிடிப்பு போகும், கை பிரேக்கும் சேர்ந்து போகும். சுழன்றடித்த துண்டு கால் பிரேக்கின் குழாயையும் அறுத்திருந்தது. ட்ரைவரின் கையில் மிஞ்சியது ஸ்டீயரிங் மட்டும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. அவர் மலையில் கொண்டுபோய் இடித்திருக்கிறார். இருபது பெண்கள் உயிரோடு ரோட்டோரம் நின்றார்கள். அவர்கள் உயிரோடு நிற்பதற்கு யார் காரணம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ட்ரைவர் ரோட்டோரத் தண்ணீர்க் கானின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடவளைக்காரர், ஐம்பது வயதிருக்கும், அதே பஸ்ஸைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறவர். வலது மணிக்கட்டு பலாக்கொட்டை மாதிரி வீங்கியிருந்தது. யாரோ ஒரு பெண் தன் சால்வையால் அதைக் கட்டிவிட்டிருந்தாள். முதலாளியும் வந்து நின்றார். நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"நியூட்டரல்ல உருட்டி உருட்டிக் குரோஸ உடைச்சிப்புட்டு, இப்ப கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியா?"

அவர் எழுந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல கையால் என் தொண்டையைப் பிடித்து என் தலையை பஸ்ஸின் பக்கவாட்டில் இடித்தார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம்.

"போன கெழம ஒன்ட கராஜுக்கு வந்து செல்லல்லியா? காலடியில தளம் நடுங்குதுண்டு செல்லல்லியா?"

நான் முழங்காலால் அவர் வயிற்றில் குத்தினேன். உடைந்த கையைப் பிடித்து முறுக்கவும் போனேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். பெண்கள்தான் எங்களைப் பிரித்தார்கள். ஒருத்தி என் முதுகில் குடையால் அடித்தாள்.

முதலாளி சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஷாஃப்டைப் பார்த்து, ட்ரைவரின் பிழை என்று நான் ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும் என்றார். அதைப் பொலிசில் கொடுப்பாராம். அந்த நிமிடத்தோடு ட்ரைவருக்கு வேலை இல்லை. லைசன்ஸும் போகும். நியூட்டரலில் விட்டு இருபது பெண்களைக் கொல்லப் பார்த்தவன் என்று பெயர் வந்துவிட்டால் கண்டி முழுக்க எந்த முதலாளியும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டான். ட்ரைவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரத்துக்குள் எழுதித் தருகிறேன் என்றேன்.

ட்ரைவர் சொன்னது உண்மைதான். போன கிழமை வந்தார். நான் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்தால் தளம் முழுக்க நடுங்குகிறது என்றார். நான் எழும்பக்கூட இல்லை. குரோஸ் தேய்ந்தால் வண்டி எடுக்கும்போது டக்கென்று ஓர் அடி கேட்கும். கிறீஸ் வற்றினால் குருவி கத்துவது போலக் கேட்கும். வேகத்தோடு வந்து வேகத்தோடு போகும் நடுக்கம் வேறு வியாதி. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கிறீஸ் அடித்து அனுப்பச் சொல்லிவிட்டு, ஒழுங்காக கியரில் இறக்கினால் நடுங்காது என்று அவருடைய முகத்துக்கே சொன்னேன்.

பஸ்ஸைக் கராஜுக்கு இழுத்து வந்து ஷாஃப்டைக் கழற்றினோம். கழற்றினோம் என்பது நானும் என் தங்கை புருஷனும். ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்தவன். உடைந்த குரோஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கியரை இடித்துப் போட்டு உடைத்த குரோஸ் என்றால் அதன் கைகளில் ஊசி ஊசியாக வரிசையாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதைக் காட்டினால் போதும், ட்ரைவர் தொலைந்தான்.

ஒரு பள்ளமும் இல்லை. மிஞ்சிய மூன்று கைகளும் கண்ணாடி மாதிரி இருந்தன. உடைந்த கை சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஷாஃப்டை நடுவில் தாங்கும் பெயாரிங்கின் ரப்பர் நார் நாராகக் கிழிந்திருந்தது.

பின் துண்டைத் தூக்கி மேசையில் போட்டேன். அந்தத் துண்டின் இரண்டு முனையிலும் காது மாதிரி விரிந்த இரும்பு இருக்கும். இரண்டு முனைக் காதுகளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இது கோணலாக நின்றது. அந்தப் பின் துண்டே நடுவில் பல் வைத்த இரண்டு பாகமாக ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கும். எண்ணிப் பார்த்தேன். இரண்டு பல் தள்ளிச் சொருகியிருந்தது. ஒரு பல் தவறினால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பல் தவறினால் தெரியும், பார்க்கிறவன் பார்த்தால். மூன்று கிழமையாக அந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் உடைந்தது.

மூன்று கிழமைக்கு முன் கிளட்ச் வேலைக்காக அதை இறக்கியது என் கராஜில். திரும்பிப் பூட்டியது என் தங்கை புருஷன்.

அவன் சில்லருகில் குனிந்திருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. காதைச் சேர்த்து ஓர் அறை விட்டேன். அவன் சாமான் தட்டின்மேல் விழுந்தான். ஸ்பேனர்கள் எல்லாம் கொட்டின. எழும்பப் போனவனின் விலாவில் உதைத்தேன். "இருவது பேரக் கொல்லப் பாத்தியேடா மாப்புள" என்று கத்தினேன். அவன் கையில் வீல் ஸ்பேனர் அகப்பட்டது. அதால் என் தோளில் ஒரு போடு போட்டான். அந்தத் தோள் இன்றைக்கும் மழைக்கு வலிக்கிறது. பிறகு அதைக் கீழே எறிந்துவிட்டு, முழங்கையை என் கழுத்தில் வைத்து என்னைச் சுவரோடு நசுக்கினான். வாயிலிருந்து இரத்தம் வழிந்தது அவனுக்கு. ஒன்பது வருடமாக என்னை நீங்க என்று சொன்னவன் நீ என்றான்.

"கழட்டும்போது வெள்ளப் பெயின்டால கோடு போட்டேன். கோடும் கோடும் சேரப் பூட்டணும்னு ரெண்டு பக்கமும் போட்டேன். ஆயுத பூசைக்கு எல்லா இரும்பையும் கழுவணும்னு நின்னவன் யாரு? அந்த ஷாஃப்ட ரெண்டா உருவி, மண்ணெண்ண ஊத்தித் தேச்சவன் யாரு?"

நான் மூச்சுக்குத் திணறினேன்.

"கோடு எங்க மச்சான்னு கேட்டேன். கண்ணால பாத்துப் போடு, பஸ் நாளைக்கு ஓடணும்னு சொன்னியா இல்லியா?"

சொன்னேன். அவன் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. பூசைக்கு என் கராஜில் ஒரு திருகாணிகூட அழுக்காக இருக்கக் கூடாது. அதில் எனக்கு வெறி. கழுவிய எல்லாவற்றுக்கும் நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவன் கையை எடுத்த பிறகு மேசைக்குப் போய் ஷாஃப்டைத் துணியால் துடைத்தேன். குழாயில் பற்றவைத்த இடத்துக் குழியில், கிறீஸுக்கு அடியில், கொஞ்சம் குங்குமம் இன்னும் இருந்தது.

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். நான் விரும்பினால் ட்ரைவரின் பிழை என்றே எழுதலாம், தான் வாய் திறக்க மாட்டேன் என்றான், ஆனால் இனி என்னோடு வேலை செய்ய மாட்டானாம். திரும்பவும் நீங்க என்று பேசினான். அது அடியைவிட மோசமாக இருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என் கராஜுக்குள் கால் வைக்கவில்லை.

நான் கடதாசியை எடுத்தேன். திகதி போட்டேன். இறக்கத்தில் நியூட்டரலில் விட்டதால் என்பதுவரை எழுதினேன். எழுதினேன் என்பதை மறைக்க மாட்டேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. மனச்சாட்சி அது இது என்று பெரிய கதை சொல்லத் தெரியாது எனக்கு. எனக்கு வந்தது ஆத்திரம். ஒரே பஸ்ஸைப் பதினோரு வருடம் ஓட்டியவன் காலடியில் நடுங்குகிறது என்று வந்து சொல்கிறான். வியாதியைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் வாங்கிய நான் கதிரையிலிருந்து எழும்பவில்லை. அந்தக் கடதாசியைக் கசக்கி வாயில் போட்டு மென்றேன். உண்மையாகவே மென்றேன்.

ஷாஃப்டைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு முதலாளியின் கந்தோருக்குப் போய் அவர் மேசைமேல் போட்டேன். மேசைக் கண்ணாடி வெடித்தது. நடந்ததைச் சொன்னேன். என்னைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். முதலில் பேசியபடி எழுதிவிட்டால் எல்லாருக்கும் சுகம் என்றார். அந்த எல்லாரில் ட்ரைவர் இல்லை. நான் அங்கேயே நின்றபடி என் கராஜின் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு பிரதியைப் பொலிசிலும் கொடுத்தேன்.

பிறகு மடவளைக்குப் போனேன். ட்ரைவர் கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். முடித்ததும் இடது கையால் வாயைப் பார்த்து அடித்தார். உதடு பிளந்தது. வலது கை நன்றாயிருந்திருந்தால் பல் போயிருக்கும். நான் திருப்பி அடிக்கவில்லை. வாழ்க்கையில் அடி வாங்கிக்கொண்டு சும்மா நின்றது அந்த ஒரு தரம்தான். அவருடைய மனைவி உள்ளிருந்து ஒரு துணியைக் கொண்டுவந்து நீட்டினார். அவர்தான் சொன்னார், கை சுகமானாலும் அந்த பஸ்ஸில் ஏற மனிசன் பயப்படுகிறார் என்று. ட்ரைவர் அதை மறுக்கவில்லை.

"அந்த ஷாஃப்ட நீயே போடணும்" என்றார். "போட்டுட்டு, மொத நாள் அதுக்கு மேல நீயே குந்தணும்."

முதலாளிக்கு இஷ்டமில்லை. ட்ரைவர் பிடிவாதமாக நின்றார். நான் தனியாகத்தான் வேலை செய்தேன். புதுக் குரோஸ், புது பெயாரிங், பிரேக் குழாய், தளத்துக்குத் தகரம். கோட்டைப் பெயின்டால் போடவில்லை. உளியை வைத்து சம்மட்டியால் அடித்து, இரண்டு பாகத்திலும் இரும்பிலேயே வெட்டினேன். எந்த பூசைக்குக் கழுவினாலும் போகாது.

கட்டு அவிழ்த்துக் கை தேறிய பிறகு ஒரு காலை. மேலே போய்ப் பெண்களை ஏற்றினோம். நான் ஒட்டிய தகரத்தின்மேல், கீழே, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குடையால் அடித்தவளும் ஏறினாள். "பாஸ், அடியில சூடா இருக்கா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எழும்பி அறையலாம் போல இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

ட்ரைவர் இரண்டாம் கியரில் இறக்கினார். எஞ்சின் அலறியது. ஒரு வளைவுக்கும் கியரை எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எனக்குக் கீழே அரை அடியில் அந்த இரும்பு சுழன்றது. உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மலையில் மண் பிய்ந்து கிடந்த இடம் வந்ததும் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"நடுங்குதா?"

"இல்ல."

"அண்டைக்கும் நான் இப்பிடித்தான் எறக்கினேன். இவங்களுக்கு முன்னால தானே என்னயச் சென்னாய். இவங்களுக்கு முன்னால செல்லு."

நான் எழும்பி நின்றேன். ஷாஃப்டைப் பிழையாகப் பூட்டியது என் கராஜ், கோட்டைக் கழுவியது என் கை, நடுங்குகிறது என்று வந்து சொன்னவரைத் திட்டி அனுப்பியதும் நான்தான், இவர் ஒரு நாளும் நியூட்டரலில் விட்டதில்லை என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்ப என் சாப்பாட்டுப் பொட்டிய நசுக்குனது நீங்கதானா?"

ட்ரைவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரைப் போட்டார்.