மேல் வரிசையின் ஈரக்கரி

லாரிக்காரர்களின் காவல் தெய்வமான கார்மென் மாதாவின் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நுபியா செலி, தான் வேலை பார்த்த அனல்மின் நிலையத்தை விட்டுப் போனாள். வாசலில் லாரிக்காரர்கள் வண்டிகளைக் கழுவிப் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷ வேலைக்கு அவள் கையில் மிஞ்சியது ஒரு மடிக்கணினியும் ஒரு பை பாலாடைக்கட்டி ரொட்டியும்.

கொதிகலனுக்குள் நிலக்கரி எப்படி எரிகிறது என்று கணினியில் எரித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. முதல் வருஷம் முழுக்கக் கணக்கும் அடுப்பும் ஒத்துப்போகவில்லை. கொதிகலனின் உச்சியில் ஆயிரத்து நூறு டிகிரி என்றது திரை. ஆயிரத்து இருநூறு என்றது வெப்பமானி. வெப்பமானிதான் பழுது என்று சாதித்து இரண்டு தடவை மாற்ற வைத்தாள். புதுசும் அதையே சொன்னது.

அப்புறம்தான் ஒரு மழை நாளில் கரிக்கிடங்குக்கு இறங்கிப் போனாள். புல்டோசர் ஓட்டும் பெரியவர் எவரிஸ்தோ நனைந்த கரியைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இது எங்க போகுது?"

"நாலாம் அரவை மில்லுக்கு. ஈரக்கரி மில்லை அடைச்சுடும். நாலும் அடைச்சுக்கிறதுக்கு ஒண்ணு அடைச்சா போதாதா? இருபது வருஷமா இப்படித்தான்."

"என்கிட்ட யாருமே சொல்லலையே?"

"நீங்க கேட்டாத்தானே இஞ்ஜினியரம்மா. இன்னைக்குத்தான் கீழ இறங்கியிருக்கீங்க. பூட்ஸ்கூடப் புதுசா இருக்கு."

நாலாம் அரவையின் தூள் கொதிகலனின் எரிவாய்களில் மேல் வரிசைக்குப் போகும். அவள் கணக்கிலோ எல்லா வரிசையிலும் ஒரே கரி. ஈரத்தூள் தாமதமாகப் பற்றி, உச்சியில் போய் எரிந்தது. அதைச் சேர்த்ததும் திரையும் வெப்பமானியும் ஒன்றையே காட்டின. அந்தச் சூட்டில் மேலே தொங்கும் நீராவிக் குழாய்கள் இன்னும் பத்து மழைக்காலம், அந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு என்பதால் ஐந்தே வருஷம், தாங்கினால் அதிகம் என்பதும் தெரிந்தது.

மேலாளர் திபதூய்சா, ஈரக்கரியை நாலு அரவைக்கும் பிரிக்கச் சொல்லி அவள் நீட்டிய வண்ணப் படத்தைப் பார்த்தார். "நல்லா கலர் அடிச்சிருக்கே. வீட்டுல மாட்டிக்கோ. ஈரத்தை நாலுக்கும் பிரிச்சா, மழை பெஞ்ச அன்னைக்கு நாலும் படுத்துக்கும். அப்ப கரண்டை உன் கம்ப்யூட்டரா குடுக்கும்?"

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் எழுதிக் கொடுத்தாள். நாலாவது கடிதத்தோடு ராஜினாமாவையும் வைத்தாள்.

மூன்று வருஷம் கழித்து, சிலியில் ஒரு சிமென்ட் சூளைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது எவரிஸ்தோவின் செய்தி வந்தது:

"இஞ்ஜினியரம்மா, ஏப்ரல் மழையில மேல் குழாய் வெடிச்சுடுச்சு. யாருக்கும் அடியில்ல. பதினெட்டு நாள் நிறுத்தம். திபதூய்சா உங்க கடுதாசியெல்லாம் தேடச் சொன்னார். இப்ப ஈரக்கரியை நாலுக்கும் பிரிச்சுத் தள்ளுறேன். நாலும் அடைக்குது. அரவைக்காரங்க அடைப்பைத் தட்டிவிடச் சுத்தியலோட நின்னு உங்களைத்தான் திட்டுறாங்க. எவ்வளவு ஈரம் வரைக்கும் கலக்கலாம்னு சொல்லி அனுப்புங்க. அதுக்கு மேல ஒரு பிடிகூடத் தள்ள மாட்டேன்."