என் பெயரில் ஓடிய ப்ரெஸ் ஷாப்

ஓசூரில், கார் கம்பெனிகளுக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் ஒரு ப்ரெஸ் ஷாப்பில் நான் வெட்டிய தகட்டின் ஓரத்துப் பிசிறு தேய்க்கும் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே மெஷின் ஓட்டினார். சாமல்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு சாதிச் சான்றிதழையும் ஆதாரையும் கேட்டார். எங்கள் சாதிப் பெண்கள் தொழில் தொடங்கினால் அரசாங்கம் மானியத்தோடு கடன் தருகிறதாம்.

"பேருதாம்மா உன்னுது. மத்தத நான் பாத்துக்கறேன்."

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி என்னுடையதானது. மறுநாளும் பிசிறுதான் தேய்த்தேன். கூட வேலை செய்தவர்கள் 'ஓனரம்மா' என்று கிண்டல் செய்தார்கள். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த வருஷம் மெஷின் என் வீட்டுக்காரரின் வலது கையை எடுத்துவிட்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, வேலை வேகமாக ஓடட்டும் என்று முதலாளி கழற்றச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்த முதலாளியிடம், போலீசுக்குப் போகிறேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"போயேன். யார் மேல கம்ப்ளெயின்ட் குடுப்ப? ஓனர் நீ. புருஷன் கைய வெட்டுன மெஷினு உன்னுது."

என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு, மானியம் வாங்கிய சிறு கம்பெனிகள் உண்மையான உரிமையாளர் யாரென்று அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிருஷ்ணகிரியில் விசாரணை. முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"கம்பெனி யாருதும்மா?" என்றார் அதிகாரி.

"இவருதுங்க சார். நான் கூலிக்காரி."

"அப்போ பொய் சொல்லிக் கடன் வாங்குனது நீதான்?"

நான் கையெழுத்துப் போட்ட தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

சாட்சிக்கு என் வீட்டுக்காரரை அழைத்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. "கம்பெனி எங்க வீட்ல இருக்கறவங்களதுதாங்க. அவரு சும்மா மேனேஜருங்க" என்று சொல்லி, எழுதிய வாக்குமூலத்தில் இடது கைப் பெருவிரல் ரேகையை உருட்டி வைத்துவிட்டு வெளியே போனார்.

வழக்கு என் மேல். ஷெட்டுக்குச் சீல் வைக்க வந்தபோது உள்ளே மெஷின்கள் இல்லை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வேறொருவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. வேலை போன பெண்கள் என்னைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தப் புது இடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருமுறைதான் கேட்டேன்.

"நீ உண்மைய சொன்ன. அதுல ஒருவேள சோறு வந்துச்சா?" என்றார்.

ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. ஒற்றைக் கையால் அவருக்குச் சட்டைப் பித்தான் போட வராது. போட்டுவிட்டேன்.