ரவுண்ட் ராக் சாப்பாடும் ஒரு டச்சு நகரத்து வருமானமும்

1986 ஏப்ரலில் ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டினுக்கு நாங்கள் போனது ஊர் சுற்ற அல்ல. என் மனைவி வசந்தா, இயந்திரங்கள் வருவதற்கு முந்தைய காலத்து டச்சு நகரம் ஒன்றில் வருமான ஏற்றத்தாழ்வு எவ்வளவு இருந்தது என்று பழைய வரிப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்டினில் அவளுடைய பேராசிரியர் அதைப் பார்த்துத் திருப்தியானால்தான் அடுத்த வருட உதவித்தொகை. இல்லையென்றால் படிப்பு அதோடு சரி.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். 290ஆம் சாலையில் 165 மைல், பெட்ரோலுக்கு ஒன்பது டாலர். வழியெல்லாம் நீலப் பூக்கள். வசந்தா எதையும் பார்க்கவில்லை. "ஊர்ல எல்லாரும் கிட்டத்தட்ட சமமா இருந்திருக்காங்கன்னு வருது. நம்பவே முடியல" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். கணக்குதான் வந்துவிட்டதே, அப்புறமென்ன என்றேன். முறைத்தாள்.

சந்திப்பு மூன்று மணிக்குத்தான். அதனால் ஆஸ்டினைத் தாண்டி இருபது மைல் போய், ரவுண்ட் ராக்கில் தெரிந்த ஆன்ட்டி வீட்டில் சாப்பிட்டோம். கூடவே ரகுவும் உட்கார்ந்தான். சென்னையிலிருந்து புதிதாக வந்த இன்ஜினியர். வாடகை வாங்காமல் தங்கவைத்திருந்தார்கள்.

"இவன் நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்றார் ஆன்ட்டி.

"அப்ப அங்கிள் சம்பளத்துல இவனுக்கும் ஷேர் உண்டா ஆன்ட்டி?" வசந்தா கிண்டலாகத்தான் கேட்டாள்.

"நல்லா கேட்ட போ! சாம்பார்லதான் ஷேர். அவன் சம்பளம் அவனுக்கு, இவர் சம்பளம் எங்களுக்கு."

வசந்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். வணிகர் வீடுகளில் சொற்பச் சம்பளத்துக்குத் தங்கி வேலை செய்த பெண்களையும் வீட்டு ஆட்களாகச் சேர்த்து, வணிகரின் வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருந்தாள். அதனால்தான் ஊரே சமமாகத் தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு வேளையில் இருப்பவரெல்லாம் வீட்டு மனிதர் என்று வளர்ந்த நமக்குத்தான் இந்தத் தவறு வரும்.

இன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிடேன் என்றேன். எனக்கு உதவித்தொகை பயம். அவளோ பேராசிரியரிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னாளாம். அவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, திருத்தி எழுது, உதவித்தொகை தொடரும் என்றிருக்கிறார்.

போகிறவர்கள் ஏப்ரல் முதல் பாதியில் போங்கள், பூக்கள் இருக்கும். வேலையும் இருந்தால், நின்று பூப் பார்க்க ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

திரும்பும்போது எனக்குத் தாங்காத சந்தோஷம். வசந்தா மட்டும் தன் கணக்குத் தாள்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுங்கதான் பாவம். காலைல வரைக்கும் பணக்காரங்களா இருந்தாங்க."