ஐஸ் ஃபேக்டரிக்குள் பாசி வளர்ப்பது எப்படி?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் ஜெசிந்தா, மீன் இல்லாமல் வந்தார். கையில் ஒரு கவர்.

"அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நானும் படிச்சேன்... ஆனா நான் படிச்சது தப்பா இருக்கணும்னு இருக்கு."

தப்பாக இல்லை. 'தங்கள் குழுவின் மிதவைகள் ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து சுமார் 230 மீட்டர் விலகியுள்ளன. ஏழு நாட்களுக்குள் அகற்றாவிட்டால் அனுமதி ரத்து செய்யப்படும்.'

என்ன மிதவை என்கிறீர்களா? தூத்துக்குடிக்குத் தெற்கே, ஜெசிந்தாவின் ஊரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கடல்பாசி வளர்க்கிறார்கள். மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, கயிற்றில் பாசி விதையைக் கட்டி, நெஞ்சளவு தண்ணீரில் மிதக்க விடுவது. நாற்பத்தைந்து நாளில் அறுவடை. நீங்கள் நக்குகிற ஐஸ்கிரீம் சட்டென்று உருகிவிடாமல் நிற்பதில் ஜெசிந்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு. நம்புங்கள், அதில் சேர்கிற பசை இந்தப் பாசியிலிருந்து எடுப்பது.

"அந்த இடத்தைக் காட்டுனதே இந்த ஆபீஸ்காரங்கதாம்க்கா. கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டிக் குடுத்தாவ. நாங்க ஒரு எட்டுகூட நகரல."

இந்த இடத்தில்தான் நான் ஒரு அறிவாளித்தனம் செய்தேன். "சாட்டிலைட் வெச்சு அளக்காங்க ஜெசிந்தா. அது பொய் சொல்லாது. ஒருவேளை நீங்கதான் தள்ளிப் போட்டுட்டீங்களோ?" என்றேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உண்டா என்ன?

அந்த வாக்கியம் என்னைவிட வேகமாக அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழுவில் ஆரோக்கியம் என்றொரு பெண். கணவர் இல்லை. அரசாங்க முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டாலே பயப்படுகிறவர். 'பேப்பர்ல எழுதுற அக்காவே சொல்லிட்டாவ' என்று, ஏழு நாள் பொறுக்காமல், அன்று மதியமே தன் எட்டு மிதவைகளையும் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டார். முப்பது நாள் பயிர். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது மணலில் வெளுத்துக் கிடந்தது. ஆரோக்கியம் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜெசிந்தாவும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. என் மின்சாரம், தண்ணீர் எல்லாம் ஒழுங்காக வர வேண்டும்.

அலுவலர் மரியாதையானவர். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். நீலக் கடலில் ஒரு சிவப்புச் சதுரம். "ஃபைல்ல இருக்கிற கோ-ஆர்டினேட், அட்சரேகை தீர்க்கரேகை நம்பர், இது. உங்க மிதவை இங்கே இருக்கு. வித்தியாசம் தெரியுதாம்மா?"

"அப்ப கம்பு நட்ட சாரு?"

"அவர் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டார்."

கம்பையும் கையோடு கொண்டு போயிருப்பார் போலும்.

ஜெசிந்தா அசரவில்லை. "சரி சார். நாங்க எங்கன போடணும்னு நீங்களே வந்து காட்டுங்க." அலுவலரால் மறுக்க முடியவில்லை. மறுநாள் காலை, ஜெசிந்தாவின் கணவரின் வள்ளத்தில் கிளம்பினோம். மிதவைகளைத் தாண்டினோம். இன்னும் போனோம். இன்னும்... அலுவலர் ஒரு கையால் டேப்லெட்டையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் டேப்லெட் 'டிங்' என்றது. வந்துவிட்டோமாம்.

"இறங்குங்க சார்," என்றார் ஜெசிந்தா.

ரெண்டு ஆள் ஆழம். பக்கத்தில் ஒரு விசைப்படகு போனது; அது கிளப்பிய அலையில் வள்ளம் ஒரு ஆட்டம் ஆடியது.

"இங்கன நின்னு நாங்க எப்படி சார் பாசி கட்ட? பொம்பளைய நாங்க நீந்திக்கிட்டே கட்டணுமா? இந்த வழியா போற போட்டு மூங்கிலை மிச்சம் வெய்க்குமா?"

அவர் நியாயமான மனிதர். ஒப்புக்கொண்டார். "இடம் சரியில்லைன்னு எனக்கே தெரியுதும்மா. ஆனா கண்ணால பார்த்ததை நான் எழுத முடியாது. டேப்லெட்ல இருக்கிறதைத்தான் எழுத முடியும்."

எனக்கு அப்போதுதான் என் அத்தை மகன் ஜெபராஜ் ஞாபகம் வந்தது. துறைமுகங்களில் தூர்வாருவதற்குக் கடல் ஆழம் அளக்கிற சர்வேயர். போன் போட்டேன். அந்த எண் இருந்த அனுமதிக் காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏளா, இது பழைய மேப்புல இருந்து எடுத்த நம்பர். அந்த மேப்பை வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுக்குன்னு அளவெடுத்துப் போட்டாவ. போன்ல உள்ள ஜிபிஎஸ் ஒலகத்துக்கே பொதுவா தச்ச சட்டை. ரெண்டு சட்டையிலயும் மூணாவது பட்டன் ஒரே எடத்துலயா இருக்கும்? பழைய நம்பரை மாத்தாம அப்படியே புதுசுல போட்டா, நம்ம பக்கம் இருநூறு மீட்டருக்கு மேல தென்கிழக்கா போயிரும். கிழக்க என்ன இருக்கு? கடல்தானே!"

ஆக சாட்டிலைட் பொய் சொல்லவில்லை. கம்பு நட்டவரும் பொய் சொல்லவில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு இடம். அவ்வளவுதான். இதைக் கேட்காமலே தீர்ப்பு சொன்ன ஒரே ஆள் நான்.

மனு எழுதினோம். ஜெபராஜ் விளக்கம் எழுதித் தந்தார். நோட்டீஸை நிறுத்தி வைத்தார்கள். பத்து நாளில் 'திருத்தப்பட்ட' கோ-ஆர்டினேட் வந்தது. இவ்வளவு வேகமா என்று எனக்கே சந்தேகம். ஜெபராஜ் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாசிக்கு எடம் குடுத்துருக்காவ. ஜெசிந்தா ஊரு ஐஸ் ஃபேக்டரிக்குள்ள."

நடந்தது இதுதான். இங்கே ஒருவர் பழைய எண்ணை ஜிபிஎஸ் எண்ணாகச் சரியாக மாற்றி மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்தில் ஒருவர், மாற்றவில்லை போலிருக்கிறதே என்று இன்னொரு முறை மாற்றினார். இரண்டு பேரும் கடமை தவறாதவர்கள். கடலுக்குள் தள்ளியதைச் சரிசெய்கிறேன் என்று கரையைத் தாண்டி இழுத்துவிட்டார்கள்.

"பரவால்லக்கா," என்றார் ஜெசிந்தா. "கெட்டுப் போவாம இருக்கும்."

மறுபடி மனு. மூன்றாவது எண் சரியாக வந்தது. புள்ளிக்குப் பிறகு எட்டு இலக்கம்! ஓர் எறும்பு எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடும் துல்லியம். ஆனால் அலுவலர் முகம் தெளியவில்லை. "எல்லாம் உள்ளேதான் இருக்கு. கடைசி வரிசை மட்டும் மூணு மீட்டர் வெளியே. அந்த நாலு மிதவையை மட்டும்..."

உடன் வந்திருந்த ஜெபராஜ் குறுக்கிட்டார். "சார், எட்டு இலக்கம் கம்ப்யூட்டர் போட்டது. பழசைப் புதுசா மாத்துற இந்தக் கணக்கு நாடு முழுக்கச் சராசரியா போட்ட கணக்கு. இந்தக் கரைக்குன்னு யாரும் தனியா அளக்கல. மாத்துறதுலயே அஞ்சாறு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும். அதை வெச்சு மூணு மீட்டர் தப்புன்னு எப்படிச் சொல்லுதிய?"

"காத்து திரும்புச்சுன்னா மிதவையே நாலு எட்டு நகரும் சார்," என்றார் ஜெசிந்தா. "கயித்துலதானே கெடக்கு? ஆணியா அடிச்சிருக்கு?"

அலுவலர் டேப்லெட்டை மூடி வைத்தார். "அப்போ என்னதாங்க செய்யிறது?"

"பழைய நம்பரை விடுங்க. மிதவை இருக்கிற எடத்துக்கே போய், நாலு மூலையையும் ஜிபிஎஸ்ல நேரா எடுங்க. எந்த முறையில எடுத்ததுன்னும் எழுதுங்க. கூட கொஞ்சம் விளிம்பு விடுங்க."

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லையே..."

"குறிப்புன்னு ஒண்ணு இருக்குல்லா சார்? அதுல எழுதுங்க," என்றார் ஜெசிந்தா. எழுதினார். இன்னொரு வள்ளப் பயணம் என்றால் அந்த மனிதர் எதில் வேண்டுமானாலும் எழுதியிருப்பார். ஆனாலும் அளக்க வந்தார், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே. அதற்காக அவருக்கு ஒரு வணக்கம்.

போன வாரம் ஆணை வந்தது. 'தங்கள் மிதவைகளைத் திருத்தப்பட்ட புதிய இடத்துக்கு மாற்ற அனுமதிக்கப்படுகிறது. மாற்றியதற்கான புகைப்படத்தை உடனே சமர்ப்பிக்கவும்.'

புதிய இடம் எது? மிதவைகள் ஏற்கெனவே கிடக்கிற அதே இடம்! கிடக்கிற இடத்திலிருந்து கிடக்கிற இடத்துக்கு மாற்றுவதை எப்படிப் போட்டோ எடுப்பது? கேட்கலாம். கேட்டால் நான்காவது எண் வரும். நாங்கள் கேட்கவில்லை.

அன்று காலை பதினொரு பெண்களும் தங்கள் கயிற்றிலிருந்து ஆளுக்கு ஒரு கூடை பாசி பிய்த்து எடுத்து, கரையில் காலியாகக் கிடந்த ஆரோக்கியத்தின் எட்டு மிதவைகளிலும் கட்டினார்கள். நானும் கட்டினேன், நான் போட்ட முடிச்சையெல்லாம் அவர்கள் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்கள். பிறகு எல்லோருமாக மிதவைகளைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். முன்னால் ஆரோக்கியம். போன் என் கையில்.

"ஏளா ஆரோக்கியம், மூஞ்சியைத் தூக்கு! அக்கா போட்டோ எடுக்காவ, கவர்மெண்டுக்குப் போவப்போவுது," என்று ஜெசிந்தா கத்தினார்.

அந்தப் படம் கோப்பில் சேர்ந்துவிட்டது. 'மிதவைகள் சரியான இடத்துக்கு மாற்றப்பட்டன' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். இந்த மொத்த விவகாரத்தில் துறை எழுதிய ஒரே உண்மை அதுதான்... அதுவும் தெரியாமல் எழுதியது.