சோப்பில்லாமல் அடித்த தைல மர எண்ணெய்

போன மே விடுமுறையில், காரைக்குடியிலிருந்து சாக்கோட்டைக்கு அப்பால் இருக்கும் என் அத்தையின் மல்லிகைத் தோட்டத்துக்குப் போனேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பத்து சென்ட் செடியிலும் சிவப்புச் சிலந்திப்பேன் பிடித்திருந்தது. ஊசிமுனை அளவுதான் இருக்கும். இலைக்கு அடியில் வலை கட்டிச் சாற்றை உறிஞ்சிவிடும். கடை மருந்து அடித்தால் பூப்பறிக்கும் அத்தையின் விரல்கள் கொப்பளித்துவிடுகின்றன. இந்த வாரமும் பேன் ஒழியாவிட்டால் செடிகளைப் பிடுங்கிவிடுவதாகப் போனில் சொல்லியிருந்தார். தாவர எண்ணெயால் பேனைக் கட்டுப்படுத்தலாம் என்று நூலகத்தில் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

காலை 7.10 டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மடியில் கால் லிட்டர் தைல மர எண்ணெய், மூடி லேசாகக் கசிந்தது.

"யாருக்குத்தா சளி? பஸ்ஸுக்கே மூக்கடைப்பு தீந்துபோச்சு!" என்றார் கண்டக்டர்.

முப்பத்தைந்து நிமிடப் பயணம். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை, வழியில் நிழலே கிடையாது.

எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரோடு சேராது என்று வாசித்துக் காட்டினேன்.

"மொத வரிசைப் பூ அம்மனுக்குப் போறது. அதுல சோப்பா?" என்றார் அத்தை. "கோயில் வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"ஒங்க புஸ்தகத்துல அம்மனக் கேட்டா எழுதுனாக?" என்று மாமா சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு, "நல்லாக் குலுக்குனா போதும் மாமா" என்று குறிப்பேட்டை மூடினேன்.

மாமா எண்ணெயையும் தண்ணீரையும் தெளிப்பான் தொட்டியில் ஊற்றிக் குலுக்கி, கடைசி வரிசையிலிருந்து அடிக்கத் தொடங்கினார். அம்மன் வரிசையைக் கடைசியில் அடித்து, தொட்டியின் மிச்சத்தையெல்லாம் அதற்கே கொடுப்பது அவர்கள் வழக்கம். குலுக்கியும் எண்ணெய் மேலேதான் மிதந்தது. தெளிப்பான் அடியிலிருந்துதான் உறிஞ்சும். மற்ற வரிசைகளுக்குத் தண்ணீர் போனது, அம்மன் வரிசைக்கு எண்ணெய் போனது. அப்போது மணி பதினொன்று, கொளுத்தும் வெயில்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பார்த்தால் அம்மன் வரிசையின் மொட்டெல்லாம் வெந்ததுபோலப் பழுத்திருந்தது. மற்ற வரிசைகளில் இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பேன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"நல்லாத் தேடிப் பாருத்தா," என்றார் அத்தை. "ஒண்ணாவது செத்திருக்கா?"

இல்லை என்றேன். தெரிந்தும் சோப்பை விட்டது நான்தான் என்றும் சொன்னேன். அத்தை திட்டவில்லை. சனிக்கிழமை செடி பிடுங்க ஆள் சொல்லிவிட்டார்.

எண்ணெயோடு போகிறவர்களுக்கு: சோப்புக் கரைசல் இல்லாமல் கலக்காதீர்கள். ஒரே ஒரு செடியில், வெயில் தாழ அடித்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். சாமிக்கென்று ஒரு வரிசை இருந்தால் அதைத் தொடாதீர்கள். எழுதி வைத்ததை, யார் சிரித்தாலும், இரண்டாவது முறையும் சொல்லுங்கள்.

திரும்ப 4.20 பஸ். சாக்கோட்டை வரை அத்தையும் வந்து, பூக்கடையில் ரெண்டு முழம் கேட்டார்.

"என்னக்கா, எனக்கே பூக் குடுக்குறவுக, என்கிட்டயே கேக்குறீக?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"அம்மனுக்கு" என்றார் அத்தை.